தொப்புளைச் சுற்றிய ஊசி

வயிற்றில் நாய்க்கடி ஊசி போடும் வழக்கத்துக்குத் தேதி உண்டு. 1885 ஜூலை 6. பாரிஸில் லூயி பாஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, டாக்டர் கிரான்ஷே, ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுப் பையனின் வலது விலாவுக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்து முதல் ஊசியைப் போட்டார். பாஸ்டர் வேதியியல்காரர், மருத்துவர் அல்ல. அதனால் ஊசி பிடித்த கை கிரான்ஷேயுடையது. உள்ளே இருந்தது வெறிநோய் கண்டு செத்த முயலின் தண்டுவடம். பதினைந்து நாள் குடுவைக்குள் தொங்கவிட்டுக் காயவைத்து, நசுக்கிக் கரைத்தது. பத்துப் பதினோரு நாளில் 13 ஊசி. பையன் பிழைத்தான்.

அதற்குப் பிறகு நூறு வருஷம் கழித்தும் நாங்கள் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். விலங்கின் மூளையை அரைத்து மனிதரின் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் அரசு ஆஸ்பத்திரி நர்ஸுகள். நீலகிரி அடிவாரத்து ஊர் ஒன்றில் எண்பதுகளில் எனக்கு வேலை. காலையில் நாய்க்கடிக்காரர்களுக்கென்று தனி வரிசை நிற்கும். கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சு, பெரிய ஊசி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் குலுக்கிய கலங்கலான மருந்து. கடித்த இடம், ஆழம் பார்த்து டாக்டர் வகுப்பு எழுதுவார். அதைப் பொறுத்து ஊசிக் கணக்கு கூடும், குறையும். ஜனங்கள் வாயில் மட்டும் எல்லாருக்கும் பதினாலுதான். மருந்தின் அளவு அதிகம், கையில் போட்டால் இடம் போதாது, வயிற்றுத் தோல் தளர்வாக இருப்பதால் வாங்கிக்கொள்ளும். நேற்றுப் போட்ட இடம் தடித்துச் சிவந்து சுடும் என்பதால் தொப்புளைச் சுற்றி இடம் மாற்றிக்கொண்டே போவோம். "ஏனுங் சிஸ்டர், இன்னைக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டுக்கொண்டே முந்தானையை விலக்குவார்கள். வெற்றிடம் தேடி நான் தடவிப் பார்க்கும்போது, கூட வந்த கிழவி எனக்கு வழி சொல்வாள்.

மருந்து வந்தது குன்னூரிலிருந்து. அந்த ஊரின் பாஸ்டர் நிலையம் 1907-ல் திறந்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்க எஃகுப் பணக்காரர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்த நன்கொடையில் ஒரு பங்கு பீகாரின் பூசா வேளாண்மை நிலையத்துக்குப் போனது, ஒரு பங்கு குன்னூருக்கு வந்தது. வடக்கே கசௌலியில் 1900-லேயே ஒன்று இருந்தது. இரண்டுமே மலையூர்கள். பாஸ்டர் முறையில் மருந்தை அன்றன்றைக்குப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அது பயணம் தாங்காது. ஆகவே கடிபட்டவர்தான் நிலையத்தைத் தேடிப் போக வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899-ல் வந்துவிட்டிருந்தது. சமவெளியில் வெறிநாய் கடித்தவர் ஏற வேண்டிய ரயில் அதுதான். வெள்ளைக்காரர்கள் கோடைக்கு ஏறிய அதே வண்டி.

இந்த ஏற்பாட்டை மாற்றியவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். விலங்கின் மூளையில் கிருமியை வளர்த்து, அது விழுந்ததும் மூளையை எடுத்து அரைத்து, கார்பாலிக் அமிலம் எனப்படும் ஃபீனால் ஊற்றிக் கிருமியைக் கொன்றுவிட்டார். செத்த கிருமி என்பதால் மருந்தைப் பாட்டிலில் அடைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். ஆட்டு மூளையையே பயன்படுத்தலாம்; ஆடு எங்கும் கிடைக்கும், ஃபீனாலும் மலிவு. 1911-ல் அவர் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே இந்த மருந்தைப் பாதுகாப்பானது, பலனுள்ளது என்றது. பலன் விஷயத்தில் பெரிய சண்டை இல்லை, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியது. பாதுகாப்பு வேறு கதை.

ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு இரண்டாம் வாரத்தில் காய்ச்சல், தலைவலி. அடுத்து காலில் மதமதப்பு, மூத்திரம் கட்டிக்கொள்ளும், கால் விழுந்துவிடும். 1905-லேயே கான்ஸ்டான்டிநோப்பிளில் இருந்த ரெம்லிங்கர் இப்படிப்பட்ட வாதங்களைப் பற்றி எழுதிவிட்டார். 1927-ல் பாரிஸில் நடந்த சர்வதேச வெறிநோய் மாநாட்டில் இந்த விபத்துகள் பெரிய பேச்சாக இருந்தன. அதன்பிறகு உலகெங்கும் உள்ள பாஸ்டர் நிலையங்களின் பதிவேடுகளைச் சர்வதேச சங்கத்துக்காக (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கூட்டிக் கழித்துப் பார்த்தவர் மெக்கென்ட்ரிக். கசௌலியில் வேலை பார்த்து, உடம்பு கெட்டு எடின்பரோவுக்குத் திரும்பியவர். கொரோனா காலத்தில் தொற்று எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று வரைபடம் போட்டார்களே, அந்தக் கணக்கின் மூலம் 1927-ல் இவரும் கெர்மாக்கும் எழுதியதுதான். எத்தனை பேருக்கு ஒருவருக்கு வாதம் என்பதற்கு ஆய்வுக்கு ஆய்வு ஒரு விடை: சில நூறு பேரில் ஒருவர் என்பது தொடங்கி, சில ஆயிரம் பேரில் ஒருவர் வரை.

எங்கள் வரிசையிலும் ஒருவர் விழுந்தார். நெசவுக்காரர், இளவயது. பத்தாம் ஊசி நெருங்கும்போது முதல் நாள் ராத்திரியிலிருந்து சிறுநீர் போகவில்லை என்று வந்தார். டாக்டர் முழங்காலில் தட்டிப் பார்த்தார், பாதத்தைக் கீறிப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. அந்த நிலையில் டாக்டருக்கு எந்தப் பக்கமும் நல்ல வழி இல்லை. ஊசியை நிறுத்தினால் நாயின் விஷம் மிச்சமிருக்குமோ என்ற பயம். தொடர்ந்தால் வாதம் முற்றும். இதற்கும் மேலே ஒரு சிக்கல்: வெறிநோயே சிலரிடம் தண்ணீருக்குப் பயப்படாமல், வெறும் கால்வாதமாக வரும். இது மருந்தின் வேலையா, நோயின் வேலையா என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொல்ல வழியே கிடையாது. நிறுத்தினார்கள், ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்தார். தறிக் குழியில் இறங்கி மிதிக்கக் கால் திரும்பவில்லை. 'ஊசி ஒத்துக்கல' என்று ஊரில் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் பெரிய பிழை இல்லை.

ஆனால் அவருக்கு நேர்ந்ததன் காரணத்தை நியூயார்க்கில் ஒருவர் 1930களிலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தார். ராக்கஃபெல்லர் மருத்துவமனையின் தாமஸ் ரிவர்ஸ் கேட்ட கேள்வி எளிது. வாதம் வருவது வெறிநோய்க் கிருமியாலா, அல்லது அதைச் சுமந்துவரும் மூளைக் கூழாலா? கிருமியே இல்லாத, நல்ல முயலின் மூளையை எடுத்துக் குரங்குகளுக்குத் தசையில் ஊசி போட்டார். ஒரு தரம் அல்ல, மாதக்கணக்கில். 1933-ல் எட்டில் இரண்டு குரங்குகள் தள்ளாடின. 1935-ல் ஷ்வென்ட்கரோடு சேர்ந்து இன்னும் பொறுமையாகச் செய்தபோது எட்டில் ஏழு குரங்குகளின் மூளையில் மாற்றம் தெரிந்தது. நரம்பிழையின் மேல் சுற்றியிருக்கும் கொழுப்புறை, மயலின், அங்கங்கே உரிந்திருந்தது. கிருமி மேல் குற்றமில்லை என்று ஆனது. அந்நிய மூளையைப் பார்த்துப் பழகிய உடம்பின் காவல்படை, சொந்த மூளைக்கும் அதே சாயல் இருப்பதைக் கண்டு அதன் மேல் பாய்ந்திருக்கிறது.

உடம்பு தன்னையே தாக்காது என்று பால் எர்லிக் சொல்லிப் போயிருந்த காலம் அது. ரிவர்ஸின் குரங்குகளை அந்த நம்பிக்கைக்கு எதிரான சாட்சியாகப் படிக்கப் பலருக்கு மனம் வரவில்லை. பத்து வருஷம் கழித்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எல்வின் கபாட் அந்தப் பொறுமைச் சோதனையைச் சுருக்கினார். ஃபிராய்ண்ட் என்பவர் உருவாக்கிய எண்ணெய்க் கலவையோடு மூளையைச் சேர்த்துப் போட்டால் சில ஊசிகளே போதும், சில வாரத்தில் நோய் வந்துவிடும். ஒரு மருந்தை எதோடு கலந்து, எங்கே, எப்படிச் செலுத்துகிறோம் என்பதே பாதி மருந்து. ஊசி போட்டுப் பிழைத்த எனக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. கபாட் செய்ததில் இன்னொன்று என்னைத் தூங்கவிடாதது. குரங்கின் மூளையிலிருந்து ஒரு பகுதியை அறுத்தெடுத்து, அதே குரங்குக்கு ஊசியாகப் போட்டார். அதற்கும் வந்தது. அந்நியச் சரக்கு ஒன்றுமில்லை, தன் மூளைக்குத் தானே எதிரி. தன்னுடல் தாக்குநோய் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

கபாட்டுக்குப் பணம் கொடுத்தது 1946-ல் அமெரிக்காவில் புதிதாகத் தொடங்கிய மல்ட்டிப்பிள் ஸ்க்லரோசிஸ் சங்கம். பெரும்பாலும் இளவயதினரைப் பிடித்து, கண்ணையும் காலையும் விட்டுவிட்டுக் கெடுக்கும் நோய் அது. அதிலும் மயலின்தான் உரிகிறது. ஆகவே நாய்க்கடி ஊசியின் பக்கவிளைவைக் குரங்கில், பிறகு கினியா பன்றியில், எலியில் நகலெடுத்தால் மல்ட்டிப்பிள் ஸ்க்லரோசிஸை ஆராயலாம் என்று ஆனது. கசௌலிக்கும் குன்னூருக்கும் வந்த ஏழைகளின் கால்வாதம், மேல்நாட்டு ஆய்வகங்களில் ஒரு கருவியாயிற்று. அந்த ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பத்தியில் 'வெறிநோய்த் தடுப்பூசிக்குப் பின் வரும் வாதம்' என்று ஒரு வரி எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் மைக்கேல் செலா, ரூத் ஆர்னான், ட்வோரா டெய்டல்பாம் மூவரும் மயலின் புரதத்துக்கு நகலாகச் செயற்கைப் பொருள் ஒன்று செய்தார்கள். நான்கே அமினோ அமிலங்களை ஒழுங்கில்லாமல் கோத்தது. நோய் உண்டாக்க வேண்டும் என்பது திட்டம். நோய் வரவில்லை, வரும் நோயை அது தடுத்தது. 1971-ல் வெளியிட்டார்கள். 1987-ல் நியூயார்க்கில் பார்ன்ஸ்டைன் 50 நோயாளிகளிடம் சோதித்த முடிவு வந்தது, 1996-ல் கிளாட்டிராமர் என்ற பெயரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நோயாளி அதைத் தானே தோலுக்கடியில் போட்டுக்கொள்ள வேண்டும், இடம் மாற்றி மாற்றி. போடச் சொல்லும் இடங்களில் வயிறும் ஒன்று.

எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலித்துவிடவில்லை. லெனர்செப்ட் என்ற மருந்து விலங்குகளைக் காப்பாற்றிவிட்டு, நோயாளிகளுக்கு நோயைக் கூட்டியது. எலியின் வாதமும் மனிதரின் நோயும் ஒன்றல்ல என்று எச்சரிக்கிறவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் 1992-ல் யெட்னாக், ஸ்டைன்மன் குழு அதே எலிகளிடம் கற்றதுதான், ரத்தத்தில் சுற்றும் வெள்ளணுக்கள் மூளையின் வாசலைத் தாண்ட எந்தப் பிடியைப் பிடிக்கின்றன என்பது. அந்தப் பிடியை மறைக்கும் நட்டாலிசுமாப் 2004 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இந்தியாவில் ஆட்டு மூளைத் தடுப்பூசித் தயாரிப்பு நின்றது 2004 டிசம்பரில்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வழி தெரியாமல் இருந்த காலமல்ல அது. சிலியில் 1955-லேயே ஃபுயென்சலிடாவும் பலாசியோஸும் புதிதாகப் பிறந்த எலிக்குட்டியின் மூளையில் கிருமியை வளர்த்தார்கள். குட்டியின் மூளையில் மயலின் இன்னும் வந்திருக்காது, ஆபத்து வெகுவாகக் குறையும். தென் அமெரிக்கா முழுக்க அது பரவியது. பிறகு மனித உயிரணுக்களில் வளர்த்த மருந்து, மூளையே வேண்டாத மருந்து, வந்தது. ஈரானில் வெறிபிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்கு அதைப் போட்டு, 45 பேரும் பிழைத்த செய்தி 1976-ல் வெளியாயிற்று. குன்னூரில் ஃபீனாலுக்குப் பதில் பி.பி.எல். என்ற பொருளால் கிருமியைக் கொல்லும் முறைக்கு மாறினார்கள். மூளை அதே ஆட்டு மூளை. பி.பி.எல். மருந்து போட்டவர்களுக்கும் நரம்புப் பாதிப்பு வருவதை 1984-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதே வருஷம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மூளைத் திசு மருந்துகளைக் கைவிடச் சொன்னது. 1987-ல் தாய்லாந்தின் ஹேமசூதா, ஊசியால் வாதம் வந்தவர்களின் ரத்தத்தில் மயலின் புரதத்துக்கு எதிரான பொருளையே காட்டினார். அதற்குப் பிறகும் பதினேழு வருஷம்.

காரணம் விலை. புது மருந்து தனியார் கடையில் கிடைத்தது. எங்கள் ஊர் டவுனில் காசுள்ளவர் கையில் ஐந்து ஊசி போட்டுக்கொண்டு போனார். இல்லாதவர் எங்களிடம் வந்து வயிற்றைக் காட்டினார். ஒரே நாய் இருவரைக் கடித்து, ஆளுக்கொரு பக்கம் போனதையும் பார்த்திருக்கிறேன்.

கதவைத் திறந்தது புதிய மருந்து அல்ல, பழைய கைவேலைதான். பாங்காக்கின் செஞ்சிலுவைச் சங்க மருத்துவர்கள், தசையில் போடும் மருந்தில் சொற்ப அளவை, ஒரு தடவைக்கு 0.1 மில்லியை, தோலுக்குள்ளேயே, பி.சி.ஜி. போடுவதுபோல், இரண்டு இடத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்நியரை முதலில் அடையாளம் காணும் அணுக்கள் தோலில் நெருக்கமாக இருப்பதால் அந்தச் சொட்டே போதுமானதாக இருந்தது. ஒருவருக்கு ஆகும் மருந்தில் பலருக்குப் போடலாம். இந்தியா 2006-ல் இதை அனுமதித்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கற்றுக்கொண்ட கடைசி ஊசி இது. ஊசிமுனை தோலுக்குள் படுத்தாற்போல் நுழைந்து, சின்னதாகக் கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் மருந்து கீழே போய்விட்டது, மறுபடி போட வேண்டும்.

இன்றைக்கும் எங்கள் தெருவில் நாய் கடித்தால் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். போன மாசம் வந்தவர் புண்ணில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வந்தார். "பதினாலு ஊசி தாங்காதுங்க அக்கா, அதான் ரெண்டு நாளா போவல" என்றார். தோளில் தான், நாலு நாள் தான், முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று விரல் விட்டுச் சொன்னேன். சுண்ணாம்பைத் துடைத்து, குழாயடியில் உட்காரவைத்து, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் புண்ணைக் கழுவினேன். பல் ஆழமாகப் பதிந்திருந்தது. புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும், கேட்டு வாங்குங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏற்றிவிட்டேன்.