காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல்: இதயம் பலவீனமான பெரியவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டியது ஏன்?

"வயசாயிடுச்சு, அதான் மூச்சு வாங்குது." பெரியவர்கள் அதிகம் வசிக்கும் நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் இப்படிச் சொல்லியே பலர் நாளைக் கடத்திவிடுகிறார்கள். ஆனால் அது இதயச் செயலிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டதா?

இல்லை. இதயம் துடிக்கும். ஆனால் உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை பம்ப் செய்யத் திணறும். எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்' என்று ஒரு சதவீதம் இருக்கும். பொதுவாக அது 50 முதல் 70 வரை இருக்கும். 40 அல்லது அதற்கும் கீழே போனால் பம்பிங் திறன் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

எடைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

ரத்த ஓட்டம் குறைந்தால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் உடலிலேயே தேக்கிவிடும். கால் வீங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை ஏறத் தொடங்கும். அதனால் தினமும் காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னாடி, ஒரே மெஷினில் எடை பார்த்து காலண்டரில் எழுதுங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

சாப்பாட்டில் எதைக் கவனிக்கணும்?

ஆரோக்கியமானவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வைத்தால் பலனில்லை. கோயில் புளியோதரையும் மிளகு வடையும் ஒரு வாயோடு போதும். 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் இருக்கும். சில இதய மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால், டாக்டரைக் கேட்காமல் அதை வாங்காதீர்கள். தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்பதையும் அவரே சொல்லட்டும்.

மாத்திரையில் நடக்கும் தவறுகள்

கல்யாணத்துக்குப் போகிற நாளில், அடிக்கடி பாத்ரூம் போகணுமே என்று நீர் மாத்திரையை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள், நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் நீரைத் தேக்கும். அவை வேண்டாம்.

எப்போது 108?

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம், இளஞ்சிவப்பு நுரையோடு சளி. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தொடர் சிகிச்சைக்கு, 2023 ஜூன் 15-ல் திறக்கப்பட்ட கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் இதய நோய்ப் பிரிவு இருக்கிறது.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் "சாப்பிட்டீங்களா?" என்பதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்னைக்கு எடை எவ்வளவு? ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுத்தீங்க?" தலையணை கூடினாலும் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்தான்.