தாழி செய்த கை

மண்ணுக்குள் மனிதர்கள் – 14

சென்ற வாரம் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரேயை ஆதிச்சநல்லூர்ப் பறம்பின் மேல் நிறுத்திவிட்டு வந்தோம். ஆண்டு 1899. பக்கத்தில் தாமிரபரணி ஓடுகிறது. 114 ஏக்கர் மேட்டுக்குள் தலைமுறை தலைமுறையாக இறந்தவர்கள் தாழிகளுக்குள் இருக்கிறார்கள். ரே கண்டெடுத்த பொன் பட்டங்களை இந்த வாரம் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் அந்தத் தாழியைச் செய்தவனிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவோம். பொன்னைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியாயிற்று.

முன் வாரங்களில் பார்த்த எகிப்தியரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறந்தால் எழுபது நாள் வேலை. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுத்துத் தனித்தனி ஜாடியில் இட்டார்கள். உடம்பை நேட்ரான் உப்பில் புதைத்து நீரை வற்றவைத்து, லினன் துணியால் விரல் விரலாகச் சுற்றினார்கள். இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். மறு உலகத் தராசில் நிறுக்க அது வேண்டும். உடம்பு கெட்டால் ஆளே கெட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. காசுக்குத் தகுந்தபடி மூன்று தரம் இருந்ததாக ஹெரோடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். சாவுக்கும் விலைப்பட்டியல் போட்ட அந்த ஏற்பாட்டை என்னால் மெச்ச முடியவில்லை.

நம் பக்கத்தில் உடம்பை மண் தின்னட்டும் என்று விட்டார்கள். ஆளைக் குந்தவைத்தோ, எலும்பை மட்டும் பொறுக்கியோ தாழிக்குள் இறக்கினார்கள். ஆக, முழுப் பொறுப்பும் குயவன் தலையில். அவ்வளவு பெரிய தாழியை ஒரே மூச்சில் சக்கரத்தில் எழுப்ப முடியாது. ஈர மண் தன் கனத்திலேயே சரிந்துவிடும். கயிறு போல உருட்டிய மண்ணை வளையம் வளையமாக அடுக்க வேண்டும். உள்ளே ஒரு கையில் கல், வெளியே மறு கையில் மரத்தட்டு. தட்டித் தட்டிச் சுவரை இறுக்க வேண்டும். ஒரு வளையம் கொஞ்சம் காய்ந்த பிறகே அடுத்தது. சாவுக்கு அவசரம், மண்ணுக்கு அது தெரியாது.

தாழியோடு வைத்த கிண்ணங்களையும் பாருங்கள். உள்ளே கரி நிறம், வெளியே செம்மை. கவிழ்த்துவைத்துச் சுட்டால் வாய்ப்பக்கம் காற்று எட்டாமல் கறுக்கிறது, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவக்கிறது. ஒரே நெருப்பில் இரண்டு நிறம் எடுத்த அந்த மூளைக்கு முன்னால், பிரமிட் கட்டிய கூஃபுவை நான் பெரிய ஆளாக நினைப்பதில்லை.

புறநானூற்றுப் புலவர்களுக்குக் குயவன் அருமை தெரியும். சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் குயவனிடம்தான் பேசுகிறார். இவனுக்குத் தாழி செய்ய வேண்டுமானால் பூமியே சக்கரமாக வேண்டும், மேருவே மண்ணாக வேண்டும், உன்னால் முடியுமா என்று கேட்கிறார். அது 228ஆம் பாட்டு. 256ஆம் பாட்டில் வருபவளோ பேர் தெரியாத பெண். புருஷனோடு வறண்ட காடெல்லாம் கடந்து வந்தவள். வண்டிச் சக்கரத்து ஆரக்காலில் ஒட்டிய பல்லி, வண்டி போகுமிடமெல்லாம் போகும் அல்லவா? அப்படி வந்தவள். அவன் செத்துப்போனான். தாழியைக் கொஞ்சம் அகலமாகச் செய்யுங்கள், எனக்கும் இடம் வேண்டும் என்று குயவனைக் கெஞ்சுகிறாள்.

அந்தப் பாட்டைத் தாண்டி என்னால் எளிதில் போக முடிவதில்லை. கந்தப்பளையில் எங்கள் லயத்துத் திண்ணையில் அப்பாயி இப்படி ஒரு கதை சொல்வார். அவருடைய பாட்டி கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவள். மன்னார்க் கரையில் இறங்கி மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று காட்டுவழி. கோப்பிக் காலத்து அந்த வடக்குப் பாதையில் காலராவிலும் பசியிலும் விழுந்தவர்கள் ஏராளம். நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. பாட்டியின் முதல் புருஷன் அப்படித்தான் வழியில் நின்றுபோனார். புதைத்தார்களா என்று கேட்டால் அப்பாயி வெற்றிலையை இடித்துக்கொண்டே இருப்பார், பதில் வராது. ஆசை காட்டி ஆள் பிடித்தவனும், கோப்பி விற்ற பணத்தை எண்ணிய துரையும்தான் இந்தக் கதையின் வில்லன்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

அந்தத் தம்புள்ளைக்குப் பக்கத்தில்தான் இப்பன்கட்டுவை இருக்கிறது. 1970இல் அடையாளம் கண்டு, எண்பதுகளில் தோண்டிய ஈமக்காடு. காலம் கி.மு. 700 முதல் 400 வரை. நான்கு பக்கமும் பலகைக் கல் நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடி, உள்ளே எரித்த சாம்பலோடு தாழியும் பானைகளும் வைத்திருக்கிறார்கள். கூடவே மணிகள். சூதுபவளம் அந்த ஊர்க் கல் அல்ல, தொலைவிலிருந்து வந்தது. புத்தளம் பக்கம் பொம்பரிப்புக்குப் போனால் ஆதிச்சநல்லூர்த் தாழிகளின் உடன்பிறப்புகளையே காணலாம்.

இப்பன்கட்டுவையை 2017இல் மக்கள் பார்வைக்குத் திறந்தார்கள். பிறகு ஒருநாள் போனேன். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் செத்தவனுக்கு நாலு பலகைக் கல்லும் ஒரு பானையும் கிடைத்திருக்கின்றன. அவனுக்குப் பக்கத்துப் பாதையில் நடந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேருக்கு ஒரு பிடி மண் போட ஆள் நிற்கவில்லை. நெடுநேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாயி செத்த அன்று மழை. தேயிலைச் சரிவில் இளவட்டங்கள் குழி வெட்டினார்கள். ஊறிய தண்ணீரை வாளியால் இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். பெட்டியும் கோடித்துணியும் தோட்டத்து மரணாதாரச் சங்கப் பணத்தில் வந்தன. மூடுவதற்கு முன் அப்பா சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன வெற்றிலை உரலை எடுத்து அப்பாயியின் கைப்பக்கம் செருகினார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆதிச்சநல்லூர்ப் பானைகளில் நெல் உமி கிடந்ததாகப் பின்னாளில் படித்தபோது, அது ஏன் என்று எனக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சம்பளத்தன்று சங்கத்துக்கென்று ஒதுக்கும் அந்தச் சின்னத் தொகை, வடக்குப் பாதையில் விழுந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே வனைந்துகொண்ட தாழி. அதனால்தான் எங்கள் தோட்டத்தில் நாதியற்ற கிழவருக்கும் ஒரு பெட்டி வருகிறது, தப்புச் சத்தம் கேட்கிறது, குழி வெட்ட நாலு பேர் வருகிறார்கள்.

ரே பறம்பின் மேல் காத்திருக்கிறார். பொன் பட்டங்களை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)