வினாவுக்கேற்ற வழி: அறிவியலிலும் கல்வியிலும் ஆய்வுமுறைகளின் பன்மை

ஆய்தல் என்னும் சொல் தமிழில் மிகப் பழையது. உள்ளதொரு பொருள் மேலும் நுணுகுவதைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பிய உரியியல் அதனை எண்ணுகிறது. இன்றைய வீட்டுப் பேச்சிலோ, கீரைக் கட்டைப் பிரித்து, பழுத்த இலையையும் பூச்சி அரித்த இலையையும் ஒதுக்கி, சமையலுக்கு உரியதை மட்டும் முறத்தில் சேர்க்கும் வேலைக்கு அச்சொல் வழங்குகிறது. நுணுகி நோக்குவதும், கொள்ள வேண்டியதையும் தள்ள வேண்டியதையும் பிரிப்பதும் ஆகிய இவ்விரு செயல்களே பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி என்ற பெயரில் நடப்பனவற்றுக்கும் அடிப்படையாக உள்ளன. எனினும் முருங்கைக்கீரையை உருவும் முறை வேறு, அரைக்கீரையைக் கிள்ளும் முறை வேறு என்பது போல, ஆயப்படும் பொருளுக்கேற்ப ஆயும் முறையும் மாறுபடுகிறது.

ஆய்வுத் துறைகளின் பன்மையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், உயிரியல், கல்வியியல் என்று துறைகளின் பெயர்ப் பட்டியலோடு நின்றுவிடுகிறது. ஒரு கூற்றை உண்மையென ஏற்பதற்குரிய சான்று எவ்வாறு பெறப்படுகிறது, அதைப் பெற எவ்வளவு காலம் ஆகிறது, அது எந்த அளவுக்கு உறுதியானது என்னும் கேள்விகளுக்கு ஒவ்வொரு துறையும் வெவ்வேறு விடை தருகிறது என்பதே கூர்ந்து கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் நடந்த சில ஆய்வுகளை அருகில் வைத்துப் பார்த்தால் இந்த உண்மை தெளிவாகும்.

உருவாக்கி அறிதல்

1912ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டபோது அதன்முன் நின்ற சிக்கல் எளிதாகச் சொல்லக்கூடியது, ஆனால் எளிதில் தீராதது. தடித்த தண்டும் மிகுந்த சாறும் கொண்ட கரும்பு வகைகள் வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. அங்கே தாங்கி வளர்ந்த நாட்டுக் கரும்போ மெலிந்து, குறைந்த விளைச்சலையே தந்தது. சி. ஏ. பார்பரும் அவருடன் பணியாற்றிய டி. எஸ். வெங்கட்ராமனும், இனிப்பு மிக்க பயிர்க் கரும்பை, இனிப்பற்றதாயினும் எதையும் தாங்கி வளரும் காட்டினமான பேய்க்கரும்போடு கலந்து புதிய இனங்களை உருவாக்க முற்பட்டனர். கரும்பு பொதுவாகக் கரணை நட்டே பயிராக்கப்படுவது. கலப்பினம் உருவாக்க வேண்டுமானால் அது பூத்து விதை பிடிக்க வேண்டும். அதற்கேற்ற தட்பவெப்பம் வாய்த்த இடம் என்பதாலேயே கோயம்புத்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்வழியில் பிறந்து 1918இல் வெளியிடப்பட்ட ‘கோ 205’ என்னும் வகையும், அதே ‘கோ’ என்ற முன்னெழுத்தோடு அதன்பின் வந்த வகைகளும் வட இந்தியக் கரும்பு வேளாண்மையையே மாற்றியமைத்தன.

இங்கே ஆய்வு என்பது இல்லாத ஒன்றை உண்டாக்கி, அது நிற்கிறதா வீழ்கிறதா என்று நிலத்திலேயே பார்ப்பதாகும். எண்ணற்ற நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கழித்து, எஞ்சிய சிலவற்றைப் பருவம் பருவமாகச் சோதித்த பின்னரே ஒரு வகை விவசாயியின் கைக்குப் போகிறது. 1930களில் அதே நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பையும் அதற்கு உறவான பிற புல்லினங்களையும் கலந்து, அவற்றின் உயிரணுக்களில் மரபுப் பண்புகளைச் சுமக்கும் நுண்ணிழைகளாகிய குரோமோசோம்களை நுண்ணோக்கியின் கீழ் எண்ணி ஆராய்ந்தார். பின்னர் மரபியலாளர் சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் விவரங்களைத் தொகுத்த நூலை 1945இல் வெளியிட்டார். வயலில் கண்ட விளைவுக்கு உயிரணுவுக்குள் காரணம் தேடிய பணி அது.

நோக்கி அறிதல்

கரும்பைக் கலப்பது போலச் சூரியனைக் கலந்து பார்க்க இயலாது. வானியல் ஆய்வாளர் தம் ஆய்வுப் பொருளைத் தொடவோ மாற்றவோ முடியாதவர். அதிலிருந்து வரும் ஒளியைப் பெற்று, பிரித்து, பதிந்து, காத்திருப்பதே அவருக்கு வாய்த்த வழி. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தார். நிறமாலை என்பது ஒளியை அதன் நிறக்கூறுகளாகப் பிரித்து விரித்த பட்டை. ஒளிதரும் வளிமம் நம்மை நோக்கி வந்தால் அப்பட்டையிலுள்ள கோடுகள் நீலப் பக்கமாகவும், விலகிச் சென்றால் சிவப்புப் பக்கமாகவும் சற்றே நகரும். புள்ளியின் கருமையான நடுப்பகுதியைச் சூழ்ந்த மங்கலான புறவளையத்தில் அத்தகைய நகர்வைக் கண்ட எவர்ஷெட், அங்கே வளிமங்கள் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்று நிறுவினார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலக வானியலில் வழங்குகிறது.

அந்தக் கண்டுபிடிப்புக்கு இணையான மற்றொரு செல்வமும் அம்மலையில் உண்டு. 1904ஆம் ஆண்டிலிருந்து, வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படமெடுத்து வைத்த புகைப்படத் தகடுகளே அவை. சூரியப் புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைபவை. ஆதலால் ஒரே ஆய்வாளரின் பணிக்காலத்தில் அச்சுழற்சி மூன்று நான்கு முறைக்கு மேல் நிகழாது. நூற்றாண்டைக் கடந்த தொடர்ப் பதிவு இருந்தால்தான் ஒரு சுழற்சியை மற்றொன்றோடு ஒப்பிட முடியும். தம் பெயரில் ஒரு கட்டுரையும் வெளிவராமலேயே நாள்தோறும் தகட்டைப் பொருத்தி, தேதி குறித்துச் சென்ற பணியாளர்களின் உழைப்பு, பிற்காலத்தில் அத்தகடுகள் எண்மப்படுத்தப்பட்ட பின் புதிய ஆய்வுகளுக்கு மூலப்பொருளாகியிருக்கிறது.

கணித்து அறிதல்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜி. என். இராமச்சந்திரன் மேற்கொண்ட ஆய்வு, நோக்குதலும் கணித்தலும் கைகோத்த முறைக்கு நல்ல சான்று. தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றின் வலிமைக்குக் காரணமான கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை அறிய, சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநார் பெறப்பட்டது. அதனூடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது கிடைத்த புள்ளிகளின் ஒழுங்கிலிருந்து, முப்புரிக் கயிறு போல மூன்று இழைகள் சேர்ந்தமைந்த வடிவத்தை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்து, அடுத்த ஆண்டே அதனைத் திருத்தியும் வெளியிட்டனர். அவ்வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று வெளிநாட்டு ஆய்வாளர்கள் மறுப்புரைத்தனர். அந்த மறுப்பை எதிர்கொண்ட இராமச்சந்திரன், அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே அடிப்படைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில் திரும்பக்கூடியது. எந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கும் என்று கணக்கிட்டு வரைந்த படத்தைச் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு சரியானதா என்று சோதிக்க, இராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர் பெற்ற அப்படமே இன்றும் உலகெங்கும் உரைகல்லாக உள்ளது.

கருவியும் மாதிரிப்பொருளும் வேண்டாத கணிதத்தில் சான்று என்பது நிறுவல் ஒன்றே; அதற்குரிய காலமோ எவராலும் வரையறுக்க முடியாதது. கணித மேதை இராமானுஜன் 1920 ஜனவரியில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்ட ‘போலித் தீட்டா சார்புகள்’ என்னும் கணிதச் சார்புகளுக்குப் பொருத்தமான கோட்பாட்டு விளக்கம், 2002ஆம் ஆண்டு சாண்டர் ஸ்வேகர்ஸின் முனைவர் பட்ட ஆய்வேட்டில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலம் 82 ஆண்டுகள்.

ஒப்பிட்டு அறிதல்

உயிருள்ள மனிதரைப் பற்றிய ஆய்வில் வேறொரு இடர் எழுகிறது. ஒரு மருந்து குணப்படுத்தியதா, அல்லது குணமாகக்கூடியவர்களுக்கே அம்மருந்து தரப்பட்டதா என்று பிரித்தறிவது கடினம். இதற்கான தீர்வு மருத்துவமனையில் பிறக்கவில்லை, வயலில் பிறந்தது. மடைக்கு அருகிலுள்ள பாத்தியில் பயிர் செழிப்பதையும் கடைமடையில் வாடுவதையும் அறிந்த எவருக்கும், இரண்டு உரங்களை இரண்டு பாத்திகளில் இட்டு ஒப்பிடுவதிலுள்ள குறை விளங்கும். இங்கிலாந்தின் ராதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால் நிலத்தின் ஏற்றத்தாழ்வு எந்தவோர் உரத்துக்கும் சாதகமாகாது என்று 1920களில் காட்டினார். அம்முறை பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதிக்கப் பயன்பட்டு, 1948இல் அதன் முடிவுகள் வெளியாயின.

அடுத்த பெரும் அடி சென்னையில் வைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956இல் காசநோய் வேதிமருத்துவ மையத்தை இங்கே நிறுவின. காசநோயாளியை வீட்டிலிருந்து பிரித்து, தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் தரும் சானடோரியத்தில் நீண்ட நாள் வைத்திருக்க வேண்டும் என்பதே அக்கால நம்பிக்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயரில் அச்சொல் இன்னமும் நிலைத்திருக்கிறது. ஆனால் நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகள் மிகச் சொற்பம். நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் தத்தம் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்பதைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றும் சிறுநீரைச் சோதித்தும் உறுதி செய்தனர். 1959இல் வெளியான முடிவு உலகை வியக்க வைத்தது. நெருக்கடியான வீட்டில், எளிய உணவோடு, விரைவில் வேலைக்கும் திரும்பிய நோயாளிகள், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். அவர்களுடைய குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் வாய்ப்பும் கூடிவிடவில்லை. உலகெங்கும் காசநோய் மருத்துவம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்கு இந்த ஆய்வு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

வகுப்பறையை அறிதல்

வயலிலிருந்து மருத்துவத்துக்கு வந்த அதே முறை பின்னர் கல்விக்கும் வந்தது. தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடி மையங்களைக் கொண்டு அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வில், குலுக்கல் முறையில் தேர்ந்த மையங்களில் மட்டும் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் அமர்த்தப்பட்டார். அம்மையங்களில் முன்பருவக் கற்பித்தலுக்குக் கிடைத்த நேரம் இருமடங்கானது. குழந்தைகளின் கணித, மொழித் திறன்கள் உயர்ந்தன. வளர்ச்சிக் குறைபாடும் குறைந்தது. குலுக்க முடியாத இடத்தில் தொடர் அளவீடு உதவுகிறது. கொரோனாப் பெருந்தொற்றுக்கு முன்னரே அளவிடப்பட்டிருந்த தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில், ஏறத்தாழ 19,000 குழந்தைகளைக் கொண்டு, தொற்றால் மூடிய பள்ளிகள் திறந்தபின் மீண்டும் அளவிட்ட மற்றோர் ஆய்வு, இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதங்களுக்குள் மீண்டதையும், அந்த மீட்சியில் 24 விழுக்காடு, தன்னார்வலர்களைக் கொண்டு அரசு நடத்திய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் விளைந்ததையும் காட்டியது.

ஆயினும் குழந்தை பாத்தி அன்று. வகுப்பறை வயலும் அன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007–08இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றலை எண்ணிப் பார்த்தால் இது புரியும். பாடம் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு ஏணி போன்றதொரு படத்தில் சின்னங்களாகக் குறிக்கப்பட்டிருந்தது. குழந்தை தன் படி எதுவென்று ஏணியில் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்து, தன் குழுவில் அமர்ந்து, சுவரின் கீழ்ப்பகுதியில் தன் உயரத்துக்கு அமைந்த கரும்பலகையில் எழுதியது. ஆசிரியரும் தரையிலேயே உடன் அமர்ந்திருந்தார். இம்முறையால் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்பதை எண்கள் கூறும். தட்டில் அட்டை தீர்ந்துபோன நாளில் அவ்வகுப்பில் என்ன நடந்தது, கடைசிப் படியில் நின்ற குழந்தை எதற்காகத் தயங்கியது, தரையில் அமர்வதை ஆசிரியர் எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பவற்றை, நாள் கணக்கில் வகுப்பில் உடனிருந்து குறிப்பெடுப்பவரே கூற இயலும். பண்புசார் ஆய்வு எனப்படும் இம்முறையை எண்சார் ஆய்வுக்கு ஒருபடி தாழ்ந்ததாகக் கருதுவது பிழை. ஒன்று விளைந்த அளவைச் சொல்ல, மற்றொன்று விளைந்த விதத்தைச் சொல்கிறது.

ஒரே படியால் அளக்கலாகாது

மேற்கண்ட ஆய்வுகளை ஒருசேர நோக்கினால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. வினாவே வழியைத் தீர்மானிக்கிறது என்பது முதலாவது. ஒரு துறையில் பிறந்த முறை எல்லை கடந்து மற்றொரு துறைக்கு உயிரூட்டுகிறது என்பது இரண்டாவது. ராதம்ஸ்டட் பாத்தியிலிருந்து தமிழ்நாட்டு அங்கன்வாடி வரை நீளும் குலுக்கல் முறையும், தோல் ஆராய்ச்சி நிலையத்துத் தசைநார் இயற்பியலாளரின் எக்ஸ் கதிருக்குமுன் வந்து சேர்ந்ததும் அதற்குச் சான்று. ஒவ்வோர் ஆய்வுக்கும் அதனதன் காலம் உண்டு என்பது மூன்றாவது. மருந்துச் சோதனைக்கு ஓராண்டு போதியதாயிற்று. சூரியப் பதிவுக்கு நூறாண்டு தேவைப்பட்டது.

இவ்வளவு வேறுபட்ட பணிகளை, ஆண்டுக்கு எத்தனை கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை மேற்கோள் என்னும் ஒரே எண்ணிக்கையால் மதிப்பிடும் வழக்கம் இன்று உயர்கல்வியில் வேரூன்றிவருகிறது. நெல்லை அளக்கும் மரக்காலால் பாலையும் துணியையும் அளப்பதற்கு ஒப்பானது இது. இவ்வழக்கம் நீடித்தால், விரைவில் கட்டுரையாகக்கூடிய வினாக்களே தேர்ந்தெடுக்கப்படும். நாள்தோறும் தகட்டைப் பொருத்தும் பொறுமையும், வகுப்பறையில் மாதக்கணக்கில் அமர்ந்திருக்கும் பொறுமையும் வழக்கொழிந்துபோகும்.

ஆகவே நீண்டகாலப் பதிவுகளைப் பேணுவதும் ஆய்வுப் பணியே என்று கல்வி நிறுவனங்கள் ஏற்று, அதற்கு உரிய மதிப்பையும் நிதியையும் தர வேண்டும். ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் தம் துறைக்குப் புறம்பான ஓர் ஆய்வுமுறையையேனும் கற்கப் பாடத்திட்டம் இடமளிக்க வேண்டும். எளிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளின் ஒத்துழைப்பால் கிடைத்த அறிவு எளிய குடும்பங்களுக்கே புரியும் மொழியில் திரும்பிச் செல்லும்படி, ஆய்வு முடிவுகள் நல்ல தமிழிலும் எழுதப்பட வேண்டும். இளம் ஆய்வாளர்கள், தம் முறையில் உறுதியும் பிறர் முறையில் மதிப்பும் கொண்டு, முதலில் வினாவைச் செம்மையாக வகுத்துக்கொண்டு, அதற்கேற்ற வழியைத் தேர்வார்களாக.