வழுதாவூர் பாறைகளும் காலநிலைச் சுழற்சிகளும்

புதுச்சேரியை அடுத்த பொம்மையார்பாளையத்துக் கரையை ஒட்டிய செம்மண் மேடுகள் கடலூர் மணற்கல் என்ற பாறைத்தொகுதியைச் சேர்ந்தவை. பெரும்பாலும் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அது. ஆதிக் கடலைத் தேடுபவருக்கு அதில் அதிகம் கிடைக்காது. அதற்கு மேற்கே, கரசூர், துருவை, வழுதாவூர் பக்கம் போக வேண்டும். கிரெட்டேசியக் காலத்தின் இறுதியில், ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் இருந்தது. அதன் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சிப்பிகளோடும் அம்மோனைட்டுகளோடும் இன்று வயற்காட்டின் அடியில் கிடக்கின்றன.

சென்னை மாகாண அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் 1840களில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அவற்றை ஆராய்ந்து 1846இல் அறிக்கை எழுதிய எட்வர்ட் ஃபோர்ப்ஸ், மூன்றில் புதுச்சேரிப் பாறையே மிகப் பழையது என்று கருதினார். உண்மை நேர்மாறானது, திருச்சிப் பகுதியின் ஊட்டத்தூர்ப் பாறைகளைவிட அது இளையது. இந்தியப் புவியியல் அளவைத் துறையின் எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியிட்ட ஆய்வு, திருச்சிப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வரிசைப்படுத்தியது. அப்போதைய கேள்வியெல்லாம் எது முந்தியது, எது பிந்தியது என்பதே. ஓர் அடுக்கு படிய எத்தனை ஆண்டு பிடித்தது என்பதற்குப் புதைபடிவம் பதில் சொல்லாது.

அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர் அமெரிக்கப் புவியியலர் ஜி.கே. கில்பர்ட். கொலராடோவின் கிரெட்டேசியப் பாறையில் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் சீராக மாறி மாறி வருவதைக் கண்டு, ஒவ்வொரு சோடியும் புவி அச்சின் தள்ளாட்டத்துக்குரிய ஏறத்தாழ 21,000 ஆண்டுகளைக் குறிக்கலாம் என்று 1895இல் எழுதினார். மரக்காணம் உப்பளத்தில் மழைக்காலம் வண்டலையும் கோடை உப்பையும் விட்டுச்செல்வது போல, பருவநிலை மாறும்போது கடலடியில் படிவதும் மாறும். பின்னர் மிலுடின் மிலன்கோவிச் இதைக் கணிதமாக்கினார். அச்சின் தள்ளாட்டத்தோடு, 41,000 ஆண்டுச் சாய்வு மாற்றமும், சுமார் 1 லட்சம், 4 லட்சம் ஆண்டுகளில் நிகழும் புவிப் பாதையின் வடிவ மாற்றமும் வெயிலின் பங்கீட்டை மாற்றுகின்றன. ஆழ்கடல் வண்டலில் அதே கால அளவுகள் பதிந்திருப்பதை ஹேஸ், இம்ப்ரி, ஷாக்கிள்டன் மூவரும் 1976இல் காட்டிய பிறகே இந்தக் கருத்தின் மீதிருந்த ஐயம் பெருமளவு நீங்கியது.

தமிழ்நாட்டுப் பாறையில் இந்தக் கணக்கு எளிதாக வராது. கல்லக்குடிச் சுண்ணாம்புக்கல் குவாரியில் அடுக்குகள் கண்ணுக்கே தெரிகின்றன. ஆனால் இந்தப் பாறைகள் படிந்த காவிரிப் படுகையின் கரையோரம் ஆழமற்ற கடலாக இருந்தது. நீர்மட்டம் இறங்கினால் படிந்தது அரிக்கப்பட்டுவிடும். நிலம் அசைந்தாலும் புயல் புரட்டினாலும் வரிசை கெடும். புதுச்சேரிப் பகுதியில் கிரெட்டேசியத்துக்கும் அதையடுத்த பேலியோசீனுக்கும் நடுவிலேயே இடைவெளி உண்டு. தோற்றமும் ஏமாற்றும். பெரம்பலூரை அடுத்த காரை களிமண் மேடுகளில் மின்னும் ஜிப்சத் தகடுகளைக் கண்டதும் வற்றிய கடலின் உப்பு என்று தோன்றும். அவற்றில் பல, அடுக்கைக் குறுக்காக வெட்டிக்கொண்டு விரிசல்களில் ஓடுகின்றன. பாறை உருவான பின் ஊடுருவிய நீர் விட்டுச்சென்றவை அவை. அவற்றை எண்ணிக் காலநிலை சொல்வது வீண். அதனால் இந்தப் பாறைகளில் கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை நம்பலாம்; ஆயிரம் ஆண்டுக் கணக்கை நம்புவதற்கில்லை.

அறுபடாத வரிசை ஆழமான கடலடியில்தான் கிடைக்கிறது. ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல் 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் வண்டல் தூண்களை எடுத்தது. மகாநதி முகத்துவாரத்துக்கு அப்பால் எடுத்த தூணில், நுண்ணுயிர் ஓடுகளும் நிலத்திலிருந்து அடித்துவரப்பட்ட இலை மெழுகும் 9 லட்சம் ஆண்டுப் பருவமழையின் தடயங்களாயின. 2021இல் வெளியான முடிவின்படி, மழையின் ஏற்றத்தாழ்வைக் கோடை வெயில் மட்டும் தீர்மானிக்கவில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவும், கண்டங்களின் பனிப்பாளங்களும், தென் அரைக்கோளத்திலிருந்து வரும் ஈரமும் அதில் பங்கு கொண்டன.