எல்லைக் காடும் தடாச் சட்டமும்: சத்தியமங்கலம் – மாதேசுவரன் மலைப் பழங்குடியினர் (1993–2007)

முன்னுரை

சத்தியமங்கலம், தாளவாடி, மாதேசுவரன் மலைக் காடுகள் சோளகர், ஊராளி முதலிய பழங்குடியினரின் வாழிடமாகும். கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் வட்டம் 1956இல் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டபோது, இம்மலைகளின் குறுக்கே மாநில எல்லை அமைந்தது. வீரப்பன் தேடுதல் காலத்தில் இவ்வெல்லையின் இருபுறத்து மக்களும் அடைந்த இழப்பினை இக்கட்டுரை ஆராய்கிறது.

இருதரப்பு அச்சம்

1993 ஏப்ரல் 9 அன்று மேட்டூருக்கு மேற்கே பாலாற்றுப் பகுதியில் வீரப்பன் குழுவினர் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் உயிரிழந்தனர். இதன்பின் இரு மாநிலக் கூட்டு அதிரடிப்படையின் தேடுதல் தீவிரமடைந்தது. உளவு சொன்னதாக ஐயுற்றோரை வீரப்பன் குழு கொன்றது. உணவளித்ததாக ஐயுற்றோரை அதிரடிப்படை பிடித்துச் சென்றது. தேன், கிழங்கு சேகரிக்கக் காட்டுக்குள் செல்வதே ஐயத்திற்குரிய செயலாயிற்று.

சட்டமும் சான்றும்

1987ஆம் ஆண்டின் தடாச் சட்டம், காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. பொதுச் சட்டம் மறுத்த இவ்வதிகாரம், விசாரணை முகாமில் நிகழ்ந்தவற்றுக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இடையே இருந்த தடுப்பை நீக்கியது. 1995இல் அச்சட்டம் காலாவதியாயினும், அதன்கீழ்த் தொடரப்பட்ட வழக்குகள் நீடித்தன. மைசூர்த் தனி நீதிமன்றத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது நடந்த வழக்கில், 2001இல் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர். ஆயினும் அவர்களுட் பலர் அதற்குள் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்திருந்தனர்.

விசாரணைக் குழு

தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா, சி.வி. நரசிம்மன் ஆகியோரைக் கொண்ட குழுவை அமைத்தது. சட்டவிரோதக் காவல், சித்திரவதை பற்றிய வாக்குமூலங்களை அக்குழு பதிவு செய்தது. 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமாகப் பரிந்துரைக்கப்பட்டது. நிவாரணம் என்பது துன்பத்தை ஒப்புக்கொள்ளுதல். குற்றத்திற்குப் பொறுப்பேற்றல் அன்று.

முடிவுரை

வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று கொல்லப்பட்டதுடன் இவ்வரலாறு முடிவதாகக் கொள்வது பொருந்தாது. பயங்கரவாதத்தின் விளைவைக் குண்டுவெடிப்பில் இறந்தோரைக் கொண்டு மட்டும் கணக்கிடின், அதனைத் தடுக்கும் பெயரால் காட்டையும் காலத்தையும் இழந்தோர் கணக்கில் இடம்பெறார். விடுதலை பெற்றோரின் சிறைக்காலத்தையும் இழப்பாகக் கொள்ளும் ஆய்வே இவ்வெல்லைப் பகுதியின் வரலாற்றை முழுமையாக்கும்.