கம்பம் பள்ளத்தாக்கின் மாட்டுக்கிடை

கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டாம் போக அறுவடை முடிந்தபின், ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும் வரை வயல்கள் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் மலைமாட்டு மந்தைகளை உரத்துக்காக இரவு நேரத்தில் வயலில் அடைத்து வைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். மாட்டுக்காரருக்கு உரிய கூலியை விவசாயி நெல்லாகவோ பணமாகவோ கொடுப்பார்.

இந்த வயல்களுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய ஆறு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இன்று இருபோக நிலமாக உள்ளது. போகம் கூடினால் மண் இழக்கும் சத்தும் கூடும். தழைச்சத்தைக் கொழிஞ்சி, சணப்பு போன்றவற்றின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருந்து பிடித்துத் தரும். மணிச்சத்துக்கு அந்த வழி இல்லை. அது நெல்லோடு சந்தைக்குப் போனால் வெளியிலிருந்துதான் திரும்ப வர வேண்டும்.

அதை மாடுகள் கொண்டுவந்தன. மழைக்காலத்தில் அவை மேற்குத் தொடர்ச்சி மலையில் மேய்ந்தன. கோடையில் இறங்கி வந்து சாணமும் மூத்திரமும் வயலில் விட்டன. மூத்திரத்தின் தழைச்சத்து வெயிலில் அம்மோனியாவாகப் பறந்துவிடும் என்பதால், கிடை எழுப்பிய கையோடு உழுவது நல்லது.

உரத்தின் பலனை அளந்தறியும் நீண்டகாலச் சோதனை 1909-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது; இன்றும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் தொடர்கிறது. ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், மற்றவற்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளைத் தனித்தும் சேர்த்தும் இட்டார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை; அதுவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுப் பாத்தி. இங்கே உரம் சாரா மாறி, விளைச்சல் சார்ந்த மாறி. பயிர், விதை, உழவு ஆகியவை எல்லாப் பாத்திக்கும் ஒன்றே. அவற்றில் ஒன்று வேறுபட்டாலும் விளைச்சல் கூடியது எதனால் என்று சொல்ல முடியாது. தொடர்ந்து தொழுவுரம் பெற்ற மண்ணில், உரமே காணாத மண்ணைவிடக் கரிமச்சத்து அதிகமாக நின்றது.

1960-களுக்குப் பின் யூரியா பரவியதும் கிடைக்கான தேவை குறைந்தது. காட்டு மேய்ச்சலும் சுருங்கியது. அதற்கு வெகு முன்பே 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மேய்ச்சலை அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022-இல் புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மேய்ச்சலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

காட்டைக் காப்பது அவசியம்தான். ஆனால் காடு, மாடு, வயல் என்ற சுழற்சியில் ஒரு கண்ணி அறும்போது அதன் சத்துக்கு ஈடு என்ன என்பதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். மலைமாட்டு மந்தைகளுக்குக் காப்பகத்துக்கு வெளியே மேய்ச்சல் நிலம் ஒதுக்குவது அதற்கான முதல் வேலை.