ஒரு வெண்புள்ளியின் பயணம்

ப்ளூ டேங் மீனின் கருநீல உடம்பில் அது உப்புப்பரல் ஒட்டியதுபோலத் தெரியும். அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். முதல் நாள் துடுப்பில் மூன்று, மறுநாள் விலாவில் பத்து. மீன் பாறையில் உடம்பை உரசும். தண்ணீர் வேகமாக விழும் இடத்தில் போய் நின்று மூச்சு வாங்கும். என்ன மருந்து போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு காலையில் பார்த்தால் புள்ளிகள் உதிர்ந்து உடம்பு பளிச்சென்றிருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. கடல்மீன் வளர்ப்பவர்கள் ஏமாறுவது அந்தக் காலையில்தான். முந்தின இரவே புள்ளி மீனைவிட்டு இறங்கிப் பயணத்தைத் தொடங்கியிருக்கும்.

1930களின் பிற்பகுதியில் ஜப்பானில் சிகாமா என்ற ஆய்வாளர், புள்ளியாகத் தெரியும் இந்த உயிரைப் பற்றி எழுதினார். 1951இல் பிரவுன் அதற்குக் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். முதல் சொல்லுக்கு மறைந்த உட்கரு என்று பொருள், இரண்டாவது, எரிச்சலூட்டுவது. ஒரே செல் கொண்ட உயிர் இது. நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க் கிருமியின் உடன்பிறப்பு என்றே இதை நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் படித்த பிறகுதான் இரண்டும் வேறுவேறு குடும்பம் என்று தெரிந்தது. வாழும் முறைதான் ஒன்றுபோல அமைந்துவிட்டது. 1966இல் நைக்ரெல்லியும் ருஜ்ஜியேரியும் நியூயார்க் மீன் காட்சியகத்தில் இது பரவியதைப் பதிவு செய்தார்கள்.

மீனின் மேல்தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் அதன் குடித்தனம். உடம்பெங்கும் உள்ள நுண்ணிய மயிரிழைகளை அசைத்து, இருந்த இடத்திலேயே சுழன்றுகொண்டு, சுற்றியுள்ள திசுவைத் தின்று கொழுக்கும். தின்று முடித்ததும், பெரும்பாலும் இருட்டில், தோலைக் கிழித்து வெளியே வரும். சில மணி நேரம் தரையில் ஊரும். மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, இருநூறு குஞ்சுகள்வரை உருவாகும். மூன்றே நாளில் உடையும் கூடும் உண்டு. பல கூடுகளுக்கு நான்கு வாரம்வரை ஆகலாம். 72 நாள் காத்திருந்து உடைந்ததும் பதிவாகியிருக்கிறது.

குஞ்சுகள் வெளிவரும் நேரம் பெரும்பாலும் விடிவதற்கு முந்தைய இருட்டு. மீன் தரையோரம் பாறையிடுக்கில் தூங்கும் நேரமும் அதுதான். திறந்த கடலில் நேற்று இங்கே தூங்கிய மீன் இன்று எங்கோ இருக்கும். அலையில் சிதறும் குஞ்சுகளில் பெரும்பாலானவை யாரையும் சேராமலே அழியும். கண்ணாடித் தொட்டியிலோ, கூடு விழுந்த அதே மூலையில் அதே மீன் படுத்திருக்கும். ஒரு புள்ளி இருநூறாகத் திரும்பி வருவது இப்படித்தான். கடலில் சிறு தொல்லையாக இருந்ததைத் தொட்டியில் கொள்ளைநோயாக மாற்றுவது இடநெருக்கடிதான்.

புள்ளி தெரிவதெல்லாம் இந்த நோய் அல்ல. செவுளில் மட்டும் குடியேறி, உடம்பில் ஒரு புள்ளிகூடக் காட்டாமல் இது மீனைக் கொல்வதும் உண்டு. மீனின் தோல்மேல் உள்ள சளியைக் கண்ணாடித் துண்டால் மெல்ல வழித்தெடுத்து, ஒரு சொட்டு கடல்நீர் விட்டு, நுண்ணோக்கியில் வைத்தால் சந்தேகம் தீரும். கருத்த உருண்டை ஒன்று நிதானமாகச் சுழலும். அதே தோலில் பொன்துகள் தூவியதுபோல மிக நுண்ணிய பொடி தெரிந்தால் அது அமிலூடினியம் என்ற வேறொரு ஒட்டுண்ணி. வெண்புள்ளியைவிட வேகமாக மீனைக் கொல்லும், உப்பைக் குறைத்தாலும் தாக்குப்பிடிக்கும். க்ளவுன் மீன் மேல் சளி தடித்துத் திட்டுத்திட்டாக உரிந்தால் புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குச் செப்பை நம்ப முடியாது. நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து ஊற்றினால் வீணாவது மீன் உயிரோடிருக்கும் நேரம்.

வெண்புள்ளிக் கிருமி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. கூட்டுக்குள் இருக்கும்போதும் எட்டாது. கூட்டைவிட்டு வந்து மீனைத் தேடி நீந்தும் சில மணி நேரம் மட்டுமே அதற்குக் கவசமில்லை. செப்பு மருந்து தாக்குவது அந்த வேளையில்தான். லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செப்பு அயனி, தினமும் டெஸ்ட் கிட்டால் அளந்து, வாரக்கணக்கில் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் கிருமி தப்பும்; கூடினால் மீனுக்கே விஷம். பவளம், இறால், நத்தை இருக்கும் தொட்டியில் செப்பை ஊற்றவே கூடாது, அவை செத்துவிடும். மணலும் பாறையும் செப்பை உறிஞ்சி அளவைக் குழப்பும். ஆகவே வைத்தியம் வெறும் தொட்டியில்தான்.

செப்பு இல்லாமலும் வழியுண்டு. கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கும் உப்பை மெல்ல 15 பங்குக்கு இறக்கி, மூன்று வாரமாவது வைத்தால் பெரும்பாலும் வெண்புள்ளியின் சுற்று அறுந்துவிடும். அல்லது மூன்று நாளுக்கு ஒருமுறை என நான்கு முறை, கழுவிக் காயவைத்த வேறு தொட்டிக்கு மீனை மட்டும் மாற்றலாம். கூடு உடைய மூன்று நாளாவது ஆகும் அல்லவா? அது உடைவதற்குள் மீன் இடம் மாறியிருக்கும்.

மீன்கள் வைத்தியத் தொட்டிக்குப் போனபின், பழைய தொட்டியில் பவளங்கள் மட்டும் இருக்கும். அங்கே விடியற்காலையில் கூடுகள் ஒவ்வொன்றாக உடையும். குஞ்சுகள் சுற்றிச் சுற்றி நீந்தும். ஏழெட்டு மணி நேரத்தில் தோலைத் துளைக்கும் வலு குறையத் தொடங்கும். ஒரு நாளுக்குள் ஓய்ந்துவிடும். பத்து, பதினோரு வாரம் அப்படியே மீனில்லாமல் விட்டுவைக்கும் பொறுமை வேண்டும்.

வெறும் தொட்டியில் ப்ளூ டேங் ஒரு பிவிசி குழாய்த் துண்டுக்குள் படுத்திருக்கும். பாறையில்லை, அழகுமில்லை, ஆனால் இரைபோட்டதும் பாய்ந்து வரும். அது தன் வீட்டுக்குத் திரும்பிய நாளில் இந்தத் தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்து வாங்கும் மீன், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், நான்கிலிருந்து ஆறு வாரம் முதலில் இங்கே தங்கட்டும். அதன் செவுளுக்குள் யார் பயணம் செய்து வந்திருக்கிறார்கள் என்பதை அந்த வாரங்கள் காட்டிக்கொடுக்கும்.